மித்ரா எழுதியவை

ஜனவரி 6, திங்கள்

பெருங்குடி. கீழ்த்தளத்தில் டைல்ஸ் கடை, மூன்றாம் தளத்தில் நாங்கள். லிஃப்டில் இரண்டு வாஷ்பேசின்களோடு ஏறினேன்.

நிறுவனத்தின் பெயர் 'கூடவே'. நிறுவனர் 'கூடாவே' என்கிறார். பெங்களூர் முதலீட்டாளர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். இப்போதே பழகிக்கொள்வது நல்லதாம். அவர் பெயர் நிகேதன். 'நிக்' என்று கூப்பிட வேண்டும். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சுவரில் கடலலைப் படம், அதன் கீழ் ஆங்கிலத்தில் துணிச்சலைப் பற்றி ஒரு வரி. துணிச்சலுக்குக் கீழே குடிதண்ணீர் கேன்கள்.

தொழில் எளிது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் செயலியில் பதிவு செய்தால், இங்கே தனியாக இருக்கும் அப்பாவையோ அம்மாவையோ மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வீடு சேர்க்க ஓர் ஆள் போவார். ஆளுக்கு 'பார்ட்னர்' என்று பெயர். பார்ட்னர்கள் ஏதாவது வேலையாக இங்கே வந்தால் படிக்கட்டில் உட்கார வேண்டும்.

என் வேலை: பார்ட்னர் அனுப்பும் குரல் செய்திகளைக் கேட்டு, அவற்றை நல்ல தமிழாக்கிப் பிள்ளைகளுக்கு அனுப்புவது. தத்துவத்தில் முதுகலை, முடிக்காத ஆராய்ச்சி. "நீ ஓவர் குவாலிஃபைடு ப்ரோ" என்றார் நிக், பாராட்டாக.

செய்திகளின் அடியில் 'மித்ரா' என்று போட வேண்டும். அப்படி ஒருவர் இல்லை.

"ஊர் தெரியாது, மதம் தெரியாது, வயசு தெரியாது. பெர்ஃபெக்ட் எம்ப்ளாயி" என்றார் நிக்.

பிறகு, "இது கம்பெனி இல்ல இளா. குடும்பம்."

விடுமுறை எத்தனை நாள் என்று கேட்டேன். குடும்பத்தில் யாராவது லீவு கேட்பார்களா என்றார்.

மூன்று மாதம். அதற்கு மேல் இங்கே இருக்க மாட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

பார்ட்னரின் குரல் செய்தி, முழுமையாக: "வந்தாச்சு. டோக்கன் நாப்பத்தொண்ணு. அம்மா ஒண்ணும் பேசல."

நான் எழுதியது: "அம்மா ஜன்னலோர இருக்கையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். வெளியே ஒரு வேப்பமரம். அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவசரமில்லாத முகம். – மித்ரா"

டொராண்டோவிலிருந்து மகளின் பதில்: அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதேன், மித்ரா.

அங்கே ஜன்னல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அழுவதற்கு உண்மையான ஜன்னல் தேவைப்படாதவர்கள் அவர்கள்.

ஜனவரி 10, வெள்ளி

மதிய உணவுக்கு எல்லோரும் வட்டமாக நின்றார்கள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஜனவரி 21, செவ்வாய்

தினமும் ஒன்பதரைக்கு ஒரு சடங்கு. எல்லோரும் நின்றபடி ஆளுக்கொரு 'வெற்றி'யைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் கைதட்டல். ஒருவர் இன்று தன் கணினியின் கடவுச்சொல்லை மாற்றியதைச் சொன்னார். தட்டினார்கள்.

அதன் பிறகு நிக், மித்ராவுக்கு வந்த நன்றிக் கடிதங்களை உரக்கப் படிப்பார். இதற்கும் தட்டுவார்கள். யாரும் என் பக்கம் திரும்புவதில்லை. திரும்ப வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவுமில்லை.

பக்கத்து மேசை ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரர், முப்பத்தொரு வயது. எந்தப் பார்ட்னர் எந்த வீட்டுக்கு என்று ஒதுக்குவதும், தொலைபேசியை எடுப்பதும் அவர் வேலை. பதினோரு மாதமாகத் தற்காலிகம். முதியவர்கள் எல்லோருடைய குரலும் அவருக்குத் தெரியும். என்னைத் 'தம்பி' என்கிறார். நான் பதிலுக்கு 'அக்கா' என்பதில்லை.

இன்று என் திரையை எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவும் நீங்களா எழுதுதீங்க?"

"ஆமாம்."

"அந்தப் பெரியவரு முழங்கால் வலிக்கின்னுதான சொன்னாரு. நீங்க என்னமோ அந்திவானம்னு போட்டிருக்கிய."

"அதுதான் வேலை."

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "எங்க மாமியாருக்கு ஒரு கடுதாசி எழுதித் தாங்க, தம்பி. நான் எழுதினா சண்டையாயிரும்."

அவருடைய ஏழு வயது மகள் மாமியாரிடம் வளர்கிறாள். கணவர் கப்பலுக்குப் போனவர், கப்பல் திரும்பியும் அவர் திரும்பவில்லை. நிரந்தர வேலை என்று தாளைக் கொண்டுவந்து காட்டு, பிள்ளையை அழைத்துப்போ என்று மாமியார் சொல்லியிருக்கிறார். ஜூனில் இங்கே பள்ளியில் சேர்க்க வேண்டும். இதையெல்லாம் நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஒரு கண்டுபிடிப்பு. முதியவர் மருத்துவமனைக்குப் போவதில் ஐந்தே நிகழ்ச்சிகள்: புறப்பாடு, வரிசை, மருத்துவர், மருந்துக்கடை, திரும்புதல். மனிதர்கள் தங்களை எவ்வளவு தனித்துவமானவர்களாக நினைத்தாலும் ஆறாவது கிடையாது.

ஒவ்வொன்றுக்கும் நாற்பது செய்திகள் எழுதிவிட்டேன். காலையில் பட்டியலைப் பார்த்து நேரத்தைக் குறித்துவிட்டால் அவை தாமாகப் போய்ச்சேரும். குரல் செய்திகளைக் கேட்கவேண்டிய அவசியமில்லை.

நிக் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இதான் ப்ரோ ஸ்கேல்." காலைச் சடங்கில் என் பெயரைச் சொன்னார். தட்டினார்கள். அருவருப்பாக இருந்தது. ஓர் அடி முன்னால் வந்து நின்றேன்.

ஜெசிந்தா மட்டும் பிறகு கேட்டார்: "பார்ட்னர் பேசினதக் கேக்காமலேவா அனுப்புவீங்க?"

"அவர்கள் புதிதாக எதுவும் சொல்வதில்லை."

"பிரச்சினைன்னா?"

"பிரச்சினைன்னா உங்களுக்குத்தானே போன் பண்ணுவாங்க."

"அது சரி" என்றார். அவர் 'சரி' என்று சொல்வதில் சரி இருப்பதில்லை.

பிப்ரவரி 5, புதன்

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. மீதி நாள் முழுவதும் வாசித்தேன். மனிதகுலத்தின் மீது அன்பு வரவில்லை.

பிப்ரவரி 19, புதன்

முதலீட்டாளர்கள் வாடிக்கையாளர் மதிப்புரைகளை எல்லாம் படித்திருக்கிறார்கள். நான்கில் மூன்றில் மித்ராவின் பெயர். மார்ச் 3 அன்று வரும்போது மித்ராவைப் பார்க்க வேண்டுமாம்.

நிக் வெள்ளைப் பலகையில் 'மித்ரா?' என்று எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டார். வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம். நாற்பது நிமிடம்.

நான் காத்திருந்தேன். எழுதுபவனைக் காட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள் என்று அல்ல. சும்மா காத்திருந்தேன்.

"பொண்ணா இருக்கணும்" என்றார் நிக். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"நான் பொய் சொல்ல மாட்டேன் சார்."

"பொய் இல்ல. நீங்கதானே எல்லார்கிட்டயும் பேசறீங்க. பேசறதும் மெசேஜும் ஒண்ணுதான். ஃபண்டிங் வந்தா ஏப்ரல் ஒண்ணாந்தேதி உங்க பெர்மனென்ட் லெட்டர். என் வார்த்தை."

ஜெசிந்தா தன் நோட்டை மூடினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்?

பிப்ரவரி 26, புதன்

ஜெசிந்தாவுக்கு என் செய்திகளைப் படித்துக் காட்டிப் பழக்குகிறேன். ஐம்பதுக்கு மேல் மனப்பாடமாகச் சொல்கிறார். சில இடங்களில் நிறுத்தி, "இது அந்த நங்கநல்லூர் அம்மாதான?" என்கிறார். எனக்குத் தெரியாது. சரியாகவே இருக்கும்.

மார்ச் 3, திங்கள்

வந்தார்கள். இருவர், ஒரே மாதிரிக் காலணிகள்.

"நோயாளிகளின் மனதை எப்படி இவ்வளவு நுட்பமாகப் புரிந்துகொள்கிறீர்கள்?" என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார். நிக் மொழிபெயர்த்தார். ஜெசிந்தா நான் எழுதிக்கொடுத்த பதிலைச் சொல்லவில்லை.

"போன்ல அவங்க மூச்சு விடுறத கேப்பேன் சார். படி ஏறிட்டு வந்து எடுக்காங்களா, படுத்துக்கிட்டே எடுக்காங்களான்னு தெரிஞ்சிரும். மிச்சத்த அவங்களே சொல்லிருவாங்க."

இருவரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

நான் எழுதிக்கொடுத்தது இதைவிட நன்றாக இருந்தது.

மார்ச் 12, புதன்

எனக்குப் பதவி: குரல் பிரிவின் தலைவர். பிரிவில் நான் மட்டுமே இருக்கிறேன். கண்ணாடித் தடுப்புள்ள ஓர் அறை. பகடிக்குரிய விஷயம்தான். பெயர்ப்பலகையில் எழுத்துகளின் இடைவெளி சரியில்லை, மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

மாதம் இருநூறு பயணங்களைத் தாண்டிவிட்டோம்.

மார்ச் 20, வியாழன்

குறிப்பிடும்படி ஒன்றுமில்லை. அறையில் ஏசிக் குழாய் ஒழுகுகிறது. ஆள் வரவில்லை.

மார்ச் 21, வெள்ளி

நடந்ததை வரிசைப்படி எழுதுவது நல்லது. பிறகு யாரும் அப்படி எழுதப்போவதில்லை.

தணிகாசலம், எழுபத்தெட்டு வயது, ஆதம்பாக்கம், முதல் மாடி. மகன் டாலஸில். நேற்றுப் பத்து மணிக்குக் கண் மருத்துவமனை. பார்ட்னர் குமரவேல் ஒன்பதுக்குள் போயிருக்க வேண்டும். வேளச்சேரியில் வண்டிச் சங்கிலி அறுந்துவிட்டது.

குமரவேல் ஜெசிந்தாவை இருமுறை அழைத்திருக்கிறான். அவருடைய தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. மித்ரா பேசுவது போல ஒரு விளம்பரப் படத்துக்காக எட்டரை மணியிலிருந்து அவரை மொட்டைமாடியில் நிற்க வைத்திருந்தார் நிக். போனைக் கொடுக்க மாட்டேன் என்று ஜெசிந்தா சொன்னது உண்மை. "ரெண்டு மணி நேரந்தான். இளா பாத்துப்பான்" என்று நிக் சொன்னதும் உண்மை. நான் தலையாட்டியதாக ஞாபகம் இல்லை.

எட்டு நாற்பதுக்குக் குமரவேல் என் பெட்டிக்குக் குரல் செய்தி அனுப்பினான். "சார், வண்டி படுத்துருச்சு. வேற ஆள அனுப்புங்க. ஐயா தனியா இறங்கிருவாரு." பதினொரு விநாடி.

குரல் செய்திகளை நான் கேட்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்பதரைக்குத் தணிகாசலம் தனியாகவே இறங்கினார். கடைசி வளைவில் விழுந்தார். இடுப்பெலும்பு. பன்னிரண்டே காலுக்குக் கீழ்வீட்டார் பார்க்கும்வரை அங்கேயே கிடந்தார்.

பத்து இருபதுக்கு மகனுக்குப் போன செய்தி: "அப்பா வரிசையில் மூன்றாவது. பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். – மித்ரா"

பன்னிரண்டு மணிக்கு: "எல்லாம் நலமாக முடிந்தது. திரும்பும் வழியில் அப்பா இளநீர் கேட்டார். வழுக்கையாக வேண்டுமாம். – மித்ரா"

மார்ச் 22, சனி

மகன் இரண்டு செய்திகளையும் அப்பாவின் மருத்துவமனைப் படத்தோடு பொதுவில் போட்டிருக்கிறார். கீழே ஒரே கேள்வி: யார் இந்த மித்ரா?

நிக் சனிக்கிழமையிலும் சடங்கு வைத்தார். இன்று 'வெற்றி'க்குப் பதில் 'பாடம்'. குமரவேலின் கணக்கு முடக்கப்பட்டது. வேறு ஆள் வேண்டும் என்று செய்தி அனுப்பியவன் அவன் ஒருவன்தான்.

பிறகு என் அறைக் கதவைச் சாத்தினார்.

"முதலீட்டாளருங்க மித்ராவ நேர்ல பாத்திருக்காங்க. அப்படி ஒரு ஆளே இல்லன்னு இப்ப சொல்ல முடியாது."

"எழுதியது நான்."

"தெரியும் ப்ரோ. நீ போனா மெசேஜ் யார் எழுதுவா? சிஸ்டமே நீதான். மித்ரா தப்பு பண்ணாங்க, மித்ராவை அனுப்பிட்டோம். கிளீன்."

"ஜெசிந்தாவுக்கு ஒரு குழந்தை இருக்கு."

"எனக்கும் கஷ்டமாதான் இருக்கு."

கொஞ்சம் யோசிக்கலாம் என்றேன். இது பதிவாக வேண்டும்: நான் சொன்னேன்.

"யோசி" என்றார். "ஸ்டேட்மென்ட் மட்டும் திங்கட்கிழமை காலைல வேணும். உன் தமிழ்லயே இருக்கட்டும்."

மார்ச் 23, ஞாயிறு

எழுதினேன். நிக் அனுப்பியிருந்த குறிப்பில் 'மனமார்ந்த' என்பது மூன்று முறை வந்தது. இரண்டை எடுத்தேன்.

மார்ச் 24, திங்கள்

ஜெசிந்தா பையில் பொருள்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரு தம்ளர், சீப்பு, மகளின் படம், பார்ட்னர்களின் எண்கள் எழுதிய நோட்டு. நோட்டை மட்டும் வைத்துவிட்டுப் போகச் சொன்னார் நிக். வைத்தார்.

என் அறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"அந்த இளநீர் நீங்க எழுதினதுதான தம்பி?"

"ஆமாம்."

"ஐயாவுக்குக் கிட்னி சரியில்ல. இளநீ தொடக்கூடாது அவரு. போன மாசம் போன்ல சொன்னாரு, கடையப் பாத்தாலே ஆசையா இருக்கு, அதனால பாக்கவே மாட்டேன்னு."

நான் திரையை அணைத்தேன்.

"மகனும் அதப் படிச்சிட்டு ஒண்ணும் கேக்கல பாருங்க" என்றார். "உங்களுக்குத்தான் தெரியாது. பெத்த அப்பா, அவருக்கும் தெரியல."

ஏதாவது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டுவது ஒருவகை மரியாதை.

"குமரவேல் உங்களுக்கு அனுப்பினதப் பத்தி நிக் சார்ட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா உங்களயும் அனுப்பிட்டு என்னயும் அனுப்புவாரு. அதுல எனக்கு என்ன லாபம்?"

"நான் அவரிடம் பேசுகிறேன்."

"பேசுங்க" என்றார். எதையும் எதிர்பாராத குரல். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பார்ட்னர்கள் எழுந்து அவருக்கு வழிவிட்டார்கள்.

ஏப்ரல் 2, புதன்

முதலீடு வந்துவிட்டது. பொறுப்பேற்பதில் காட்டிய வேகம் பிடித்திருந்ததாம். என் அறிக்கையிலிருந்து ஒரு வரியை அவர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.

எனக்குக் கீழே இருவர். குரல் செய்திகளை இனி கட்டாயம் கேட்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறேன். நிக் அதையும் என் கண்டுபிடிப்பாக அறிவித்தார். இவர்களிடம் வெட்கம் என்ற உறுப்பே வளரவில்லை.

நிக்கிடம் இன்னும் பேசவில்லை. தகுந்த நேரம் அமையவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

மூன்று மாதம் முடிந்தது என்பது கவனத்துக்கு வந்தது. கடுமையான வேலை.

ஏப்ரல் 16, புதன்

தணிகாசலத்தைப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பேருந்து எண் கூடப் பார்த்தேன். போய் என்னவென்று சொல்வது? நான்தான் மித்ரா என்றா? அந்த மனிதர் ஏற்கனவே போதுமான அளவு விழுந்திருக்கிறார்.

மே 8, வியாழன்

மதியம் ஜெசிந்தாவிடமிருந்து அழைப்பு. பெயரைத் திரையில் பார்த்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

"தம்பி, நல்லாயிருக்கியளா? கையில வேலை இருக்கா?"

இல்லை என்றேன்.

ஒரு தனியார் மருத்துவமனையில் நேர்காணலுக்குப் போயிருக்கிறார். உள்நோயாளிகளின் வீட்டாருக்குத் தினமும் நிலவரம் சொல்லும் வேலை. நிரந்தரம். மித்ரா எழுதியவற்றில் நாற்பதை அச்செடுத்துக் கொண்டுபோயிருக்கிறார்.

"அதெல்லாம் நான் எழுதினதுன்னு சொல்லிட்டேன்."

என்னுள் முதலில் எழுந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்: அவை என்னுடையவை. இத்தனைக்கும் நான் மதிக்காத செய்திகள்.

"அந்த இளநீ செய்தியயும் சேத்துத்தான் குடுத்தேன்" என்றார். "மறைச்சா எப்படியும் தெரிஞ்சிரும். அதான் என் தப்பு, அதனாலதான் அனுப்பினாங்கன்னு நானே சொல்லிட்டேன். இன்டர்வியூ எடுத்த மேடத்துக்கு அதான் புடிச்சுப்போச்சு."

"நீங்கள் செய்யாத தவறு அது."

"அத இப்ப சொல்லுதீங்க."

லாரி ஒன்று அவர் பக்கத்தில் ஒலியெழுப்பிக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்தோம்.

"உங்களக் கூப்பிட்டுக் கேப்பாங்க. கூட வேலை பாத்த ஒருத்தர் நம்பர் கேட்டாங்க, உங்களதுதான் குடுத்தேன். உண்மைய சொல்லுங்கன்னும் சொல்ல மாட்டேன், பொய் சொல்லுங்கன்னும் சொல்ல மாட்டேன். நீங்க நிறையப் படிச்சவரு. ஜூன் ரெண்டாந்தேதி பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கி. வச்சிரவா?"

வைத்துவிட்டார்.

மே 9, வெள்ளி

அழைப்பு வரவில்லை. இரண்டு முறை ஒலியளவைச் சரிபார்த்தேன்.

மே 10, சனி

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று நிதானமாக யோசித்தேன். மார்ச் 22-ஆம் தேதி சொல்லியிருந்தால் எனக்கு வேலை போயிருக்கும், அவ்வளவுதான். இப்போது சொன்னால் அவர் பொய்க்காரி ஆவார். என் உண்மை கெட்டுப்போய்விட்டது. யாருக்கும் பரிமாற முடியாது.

மே 12, திங்கள்

பதினொன்றே காலுக்கு அழைப்பு வந்தது. காலைச் சடங்கு நீண்டுபோய் எல்லோரும் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். நிக் இலக்குகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் படிக்கட்டுக்குப் போனேன். பார்ட்னர்கள் இருவர் அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே பேச வேண்டியதாயிற்று.

மருத்துவமனைப் பணியாளர் பிரிவு, ஒரு பெண் குரல். நிதானமானவர். ஜெசிந்தாவின் வேலைக்காலம், நடத்தை, நேரம் தவறாமை. எல்லாவற்றுக்கும் உண்மையான பதில்கள் இருந்தன. எளிதாக இருந்தது.

"இந்தச் செய்திகள் எல்லாம் அவங்களே எழுதினதுதானே சார்? வேப்பமரம், அந்திவானம், இதெல்லாம்?"

"ஆமாம்."

"வேற யாரும் உதவி பண்ணலையே?"

"இல்லை."

"அந்தப் பெரியவர் விஷயம். வராத ஆளு வந்தாருன்னு எழுதினது. அதுவும் அவங்கதானா?"

போனில் ஒலியளவு கூட்டியே இருந்தது; பார்ட்னர்களில் ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். எதைப் பற்றிய பேச்சு என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுதியது யார் என்பதும் அவனுக்குத் தெரியும். படிக்கட்டுக்குத் தெரியாதது இந்தக் கட்டடத்தில் எதுவுமில்லை.

"ஆமாம்" என்றேன். "அதுவும் அவங்கதான்."

இந்த ஒரு சொல்லால் அவருக்கு வேலை கிடைக்கும். இதே சொல்லால் நான் என்றைக்குமாகத் தப்பித்துவிட்டேன். இரண்டையும் பிரித்தெடுக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. பார்ட்னர் பார்வையைத் திருப்பிக்கொண்டு கீழே ஒரு படி தள்ளி உட்கார்ந்தான்.

எதிர்முனையில் எழுதிக்கொள்ளும் ஓசை.

"இவ்வளவு நேர்மையான ஆளை ஏன் சார் விட்டீங்க?"

"அவங்களுக்கு நாங்க லாயக்கில்லை மேடம்."

அதை அவர் மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தார். நன்றி சொல்லி வைத்தார்.